ஜோசப் பிலாட்டீஸ்

ஜோசப் ஹூபர்ட்டஸ் பிலாட்டீஸ் (டிசம்பர் 9, 1883 - அக்டோபர் 9, 1967) ஜெர்மனியில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த உடற்பயிற்சி ஆசிரியர் ஆவார். பிலாட்டீஸ் என்னும் பெயரில் இன்று பல நாடுகளில் பயிலப்படும் உடற்பயிற்சி முறையையும், அதற்குரிய ரிஃபார்மர் என்னும் கருவியையும் உருவாக்கியவர் இவரே. தம் முறைக்கு இவர் இட்ட பெயர் கண்ட்ராலஜி என்பதாகும். உடலின் ஒவ்வோர் அசைவையும் மனத்தின் கட்டுப்பாட்டில் நிகழ்த்துதல் என்பது அதன் கருத்து. பிற்காலத்தில் இவருடைய குடும்பப் பெயரே அம்முறைக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

பிறப்பும் இளமையும்

பிலாட்டீஸ் ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் உள்ள மொன்ஷென்கிளாட்பாக் நகரில் பிறந்தார். தந்தை ஹைன்ரிக் உலோகத் தொழிலாளி. சீருடற்பயிற்சியில் ஈடுபாடு கொண்டவர். தாயார் ஹெலனா. சிறு வயதில் பிலாட்டீஸ் ஆஸ்துமா, ரிக்கெட்ஸ், வாதக் காய்ச்சல் ஆகியவற்றால் துன்புற்றார். ஆஸ்துமா மூச்சைத் தடுப்பது. ரிக்கெட்ஸ் எலும்புகளை வலுவிழந்து வளையச் செய்வது. நலிந்த உடலைத் தாமே தேற்றிக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணத்துடன் இவர் சீருடற்பயிற்சி, குத்துச்சண்டை முதலியவற்றைப் பயின்றார். சரியாக மூச்சு விடுதலும் முதுகெலும்பை முறையாக இயக்குதலும் இவருடைய முறையில் முதலிடம் பெற்றதை இந்த இளமைக்கால அனுபவத்தோடு பொருத்திப் பார்க்கலாம்.

இங்கிலாந்தும் தடுப்பு முகாமும்

1912 அளவில் பிலாட்டீஸ் இங்கிலாந்துக்குச் சென்றார். 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டதும் அங்கிருந்த ஜெர்மானியர் பகை நாட்டவராகக் கருதப்பட்டுத் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். இவரும் முதலில் லங்காஸ்டரிலும், பின்னர் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மாண் தீவின் நாக்கேலோ முகாமிலும் வைக்கப்பட்டார். நாக்கேலோ முகாமில் 20,000க்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். அங்கு உடனிருந்தோர்க்கு இவர் பயிற்சி அளித்தார்.

படுத்த படுக்கையாக இருந்தோரின் கட்டில்களில் சுருள்விற்களைப் பொருத்திக் கைகால்களை இயக்கச் செய்தார் என்றும், ரிஃபார்மர் கருவிக்கான எண்ணம் அங்கேயே உதித்தது என்றும் பிலாட்டீஸ் பயில்வோரிடையே வழிவழியாகக் கூறப்படுகிறது. 1918ஆம் ஆண்டு பரவிய நச்சுக் காய்ச்சலில் இவரிடம் பயின்ற எவரும் இறக்கவில்லை என்பதும் அத்தகைய செவிவழிச் செய்தியே.

ஐக்கிய அமெரிக்காவில்

போருக்குப் பின் ஜெர்மனிக்குத் திரும்பிய பிலாட்டீஸ், 1926இல் கப்பல் வழியாக நியூ யார்க் சென்றார். அப்பயணத்தில் அறிமுகமான கிளாரா என்னும் பெண்மணி இவருடைய வாழ்க்கைத் துணையானார். இருவரும் நியூ யார்க்கின் எட்டாம் நிழற்சாலையில் பயிற்சிக்கூடம் ஒன்றை நடத்தினர். கிளாராவும் மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

நடனக் கலைஞர்கள் பலர் இங்கு வந்து பயின்றனர். நடனத்தால் காயமுற்றோர் மீண்டும் மேடை ஏறுவதற்கு இப்பயிற்சி துணைபுரிந்தது. புகழ்பெற்ற நடன அமைப்பாளர்களான மார்த்தா கிரகாம், ஜார்ஜ் பாலன்சின் ஆகியோர் இவருடைய முறையை மதித்தனர். ஆயினும் மருத்துவ உலகம் தம் முறையை ஏற்க வேண்டும் என்னும் இவருடைய விருப்பம் இவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை.

நூல்கள்

1934இல் 'யுவர் ஹெல்த்' என்னும் நூலையும், 1945இல் வில்லியம் ஜான் மில்லருடன் இணைந்து 'ரிட்டர்ன் டு லைஃப் த்ரூ கண்ட்ராலஜி' என்னும் நூலையும் வெளியிட்டார். இரண்டாவது நூலில் கருவியின்றித் தரைவிரிப்பின் மேல் செய்யத்தக்க 34 பயிற்சிகள் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன.

ரிஃபார்மர் கருவி

ரிஃபார்மர் தோற்றத்தில் ஒடுங்கிய கட்டிலை ஒத்தது. அதன் சட்டத்துக்குள் மெத்தையிட்ட மேடை ஒன்று உருளைகளின் மேல் முன்னும் பின்னும் நகரும். மேடையைச் சட்டத்தின் ஒரு முனையோடு சுருள்விற்கள் இணைக்கின்றன. அம்முனையில் பாதங்களை வைப்பதற்கான தண்டு உண்டு. மேடையில் தோள்களைத் தாங்கும் தடுப்புகள் உள்ளன. மறுமுனையில் கப்பிகள் வழியே வரும் கயிறுகளின் நுனியில் கைகளையோ கால்களையோ நுழைக்கும் வார்கள் உள்ளன. நகரும் மேடையுடன் கூடிய பயிற்சிக் கருவிக்கு பிலாட்டீஸ் 1927இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

சுருள்வில் இருவகையாகச் செயற்படுகிறது. தள்ளும்போது எதிர்த்து நின்று தசைக்கு வேலை கொடுக்கிறது. மீளும்போது உடலைத் தாங்கி அசைவுக்குத் துணை நிற்கிறது. நிமிர்ந்து நின்று பயிற்சி செய்ய இயலாதவரும் படுத்த நிலையிலேயே கால்களுக்குப் பயிற்சி தர இதனால் முடிகிறது.

முதல் வகுப்பு

ரிஃபார்மர் வகுப்புக்கு முதன்முறை செல்வோர் சற்று முன்னதாகச் சென்று, பழைய காயம், அறுவை சிகிச்சை, முதுகுவலி, எலும்புத் தேய்மானம், கருவுற்ற நிலை ஆகியவை இருப்பின் ஆசிரியரிடம் கூறிவிட வேண்டும். உடலோடு பொருந்திய ஆடையும் அடியில் வழுக்காத காலுறையும் ஏற்றவை. தண்டின் உயரத்தையும் தலையணையையும் ஆசிரியர் ஆளுக்கேற்ப அமைத்துக் கொடுப்பார். மேடை நழுவக்கூடியது ஆதலால் ஏறும் முறையையும் இறங்கும் முறையையும் முதலில் கற்றுக்கொள்ளுதல் இன்றியமையாதது.

பெரும்பாலும் மல்லாந்து படுத்துத் தண்டில் பாதங்களை ஊன்றி மேடையைத் தள்ளி மீளும் பயிற்சியே முதலாவதாக அமையும். மீளும்போது மேடை தடதடவென்று மோதாமல் மெல்ல வந்து சேர வேண்டும். கட்டுப்பாடு என்னும் கருத்து தொடக்கநிலையாளருக்கு இங்கேதான் விளங்கத் தொடங்கும். பின்னர் வார்களில் கால்களை நுழைத்து வட்டமிடுதல், கைகளால் வார்களை இழுத்தல், இடுப்பை உயர்த்துதல் போன்றவை தொடரும். வகுப்பு பொதுவாக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கும்.

சுருள்விற்களின் வலிமை நிறங்களால் குறிக்கப்படுகிறது. ஆனால் நிறக் குறியீடு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடும். விற்களைக் குறைத்தால் பயிற்சி எப்போதும் எளிதாகிவிடும் என்பது தவறான கருத்தாகும். கால்களால் தள்ளும் பயிற்சி எளிதாகலாம். மேடை நிலையின்றி அசைவதால் சமநிலைப் பயிற்சி கடினமாகலாம்.

முதல் வகுப்பில் மூச்சையும் அசைவையும் ஒருங்கிணைக்க இயலாமல் தடுமாறுவதும், தசைகள் நடுங்குவதும், அடுத்த ஓரிரு நாட்களில் வயிற்றுத் தசையிலோ தொடையிலோ சிறிது வலி இருப்பதும் இயல்பு. கூர்மையான வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்தி ஆசிரியரிடம் சொல்ல வேண்டும்.

மறைவும் பெயர் உரிமையும்

பிலாட்டீஸ் 1967 அக்டோபர் 9 அன்று நியூ யார்க்கில் தம் 83ஆம் அகவையில் காலமானார். அதன் பின்னரும் கிளாரா பயிற்சிக்கூடத்தில் தொடர்ந்து பணியாற்றினார். ரோமானா கிரிசனோவ்ஸ்கா, ரான் ஃபிளெட்சர், கரோலா டிரையர், ஈவ் ஜென்ட்ரி முதலிய மாணவர்கள் தாம் கற்றதைத் தத்தம் வழியில் பரப்பினர். இதனால் ஒரே முறைக்குப் பல மரபுகள் உண்டாயின.

பிலாட்டீஸ் என்னும் பெயரை வணிகக் குறியாகக் கொண்டு பிறர் பயன்படுத்துவதைத் தடுக்க முயன்ற வழக்கில், அது ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயரே என்று நியூ யார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 2000 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் எவரும் இப்பெயரில் பயிற்சி அளிப்பதற்கு இத்தீர்ப்பு வழிவகுத்தது. பெயரை மட்டும் கொண்டு பயிற்சியின் தரத்தை அறிய இயலாது என்பதால், ஆசிரியர் எங்கு, எவ்வளவு காலம் பயின்றார் என்பதைக் கேட்டறிந்த பின் வகுப்பில் சேர்வது தொடக்கநிலையாளருக்கு நன்று.