கடலூரில் மறைந்த துப்பாக்கிக் கணக்கர்

மெட்ரோவில் போகும்போது காலடிப்பேட்டை ஸ்டேஷன் பேரைக் கேட்டிருப்பீங்க. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், கம்பெனிக்குத் துணி நெய்ய நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அது. காலெட் பேட்டைதான் நம்ம வாயில் காலடிப்பேட்டை ஆச்சு. அதே கிழக்கிந்தியக் கம்பெனி முப்பது வருஷம் கழித்து ஒரு கணக்கு மேதையை இந்தக் கரைக்கு அழைத்து வந்தது. அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். நீங்க மெக்கானிக்ஸ் பாடத்தில் போடும் பாலிஸ்டிக் பெண்டுலம் கணக்கு அவர் கொடுத்ததுதான்.

1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில், வசதி இல்லாத குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். குவேக்கர்கள் போரையே ஏற்காதவர்கள். அந்த வீட்டுப் பிள்ளை பெரும்பாலும் தானாகவே கணிதம் படித்து, இருபது வயதில் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். பிறகு துப்பாக்கியை ஆராயப் போனார்.

அந்தக் காலத்துத் துப்பாக்கி எப்படி இருந்தது தெரியுமா? வழவழப்பான குழல், அதைவிடச் சற்றுச் சின்னதாக ஒரு ஈயக் குண்டு. குண்டு உள்ளே இடித்துக்கொண்டே வெளியே வரும். எந்தப் பக்கம் போகும் என்று சுட்டவருக்கே தெரியாது. கைராசி, மருந்து, காற்று என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ராபின்ஸ் அளந்து பார்த்தார்.

கனமான மரக்கட்டையைத் தொங்கவிட்டு அதில் சுட்டார். கட்டை எவ்வளவு தூரம் ஆடியது என்பதிலிருந்து, உந்த அழிவின்மையை வைத்து, குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். விநாடிக்கு 1,600 அடிக்கு மேல்! அந்த வேகத்தில் காற்றின் தடை, எல்லோரும் நினைத்ததைவிடப் பல மடங்கு அதிகம் என்பதும் தெரிந்தது. மருந்தில் ஈரம் ஏறினால் வேகம் குறைவதையும் கவனித்தார். இதெல்லாம் 1742-இல் புத்தகமாக வந்தது. மூன்றே வருஷத்தில் ஆய்லர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, நீண்ட விளக்கமும் எழுதினார்.

குண்டு ஏன் விலகுகிறது? ஒரு துப்பாக்கியின் நுனியை இடப்பக்கம் வளைத்து, மெல்லிய காகிதத் திரைகளுக்கு ஊடாகச் சுட்டார். முதலில் இடப்பக்கம் போன குண்டு, பிறகு வலப்பக்கம் திரும்பியது. குழலின் சுவரில் உருண்டதால் வந்த சுழற்சிதான் காரணம். வேகமாகச் சுழலும் பந்து காற்றில் விலகுமே, அதே மேக்னஸ் விளைவு. மேக்னஸ் அதை ஆராய்ந்தது நூறு வருஷத்துக்கு அப்புறம்!

சுழற்சியைத் தடுக்க முடியாது. ஆனால் அதை நமக்கு வேண்டிய திசையில் கொடுக்கலாம். குழலுக்குள் திருகு போலக் காடி வெட்டிய ரைஃபிளின் ரகசியம் இதுதான் என்று 1747-இல் விளக்கினார். குண்டு காடியை இறுக்கிப் பிடித்தால்தான் சுழலும். அதற்காக ஜெர்மனி, சுவிட்சர்லாந்து பக்கத்தில் எண்ணெய்ப் பசை தடவிய மெல்லிய தோலோ துணியோ குண்டுக்கு அடியில் வைத்துத் திணிப்பார்கள் என்பதையும் பதிவு செய்தார். உருண்டைக்குப் பதில், கனமான பக்கம் முன்னே இருக்கும் முட்டை வடிவக் குண்டையும் யோசித்தார்.

இன்றைக்கும் பழைய ரைஃபிளுக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பவர் இதைத்தான் செய்கிறார். குழலின் உள்விட்டத்தை அளக்கிறார். அதற்குப் பொருந்தும் குண்டை எடுக்கிறார். குண்டு நீளமாக இருந்தால் காடியின் முறுக்கும் அதிகம் வேண்டும். கடைசியில் இலக்குத்தாளில் சுட்டு, ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமா விழுதுன்னு பார்க்கிறார். விலையையும் பெயரையும் வைத்து முடிவு பண்ண முடியாது. ஒரு துப்பாக்கிக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம்.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-இல் அது திரும்பக் கிடைத்ததும், கோட்டைகளைப் பலப்படுத்த ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக்கியது கம்பெனி. 1750-இல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து, அதற்கும் சென்னைக்கும் திட்டங்கள் வரைந்தார். நம்ம ஊர் வெயிலும் காய்ச்சலும் அவரை விடவில்லை. 1751 ஜூலை 29 அன்று அங்கேயே இறந்தார். வயது 44.

அவர் அறிவைக் கொண்டாடலாம், தப்பில்லை. ஆனா அந்தக் கோட்டைச் சுவர்கள் யாரைக் காத்தன, யாருக்கு எதிராக நின்றன என்பதையும் சேர்த்தே கேளுங்க. காலடிப்பேட்டைத் தறிகளில் நெய்த துணியை விற்ற அதே கம்பெனிதான் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. நாளைக்கு நீங்களும் ஒரு கம்பெனியில் ஆஃபர் லெட்டர் வாங்குவீங்க. நம்ம கணக்கு யாருக்கு வேலை செய்யப்போகுதுன்னு கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை யோசிச்சுக்கோங்க.