வைத்தியர் ஜான் ஸ்னோ

வாந்திபேதி என்னும் கொடுநோய் அசுத்த நீரின் வழியாய்ப் பரவுவதென்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். இவ்வுண்மையை நிலைநாட்ட உழைத்தவருள் முதன்மையானவராகிய ஜான் ஸ்னோ என்பாரின் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1813ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15ஆம் தேதி, இங்கிலாந்து தேசத்து யார்க் நகரில் ஓர் எளிய தொழிலாளியின் மூத்த குமாரராய்ப் பிறந்தார். 14ஆம் பிராயத்தில் நியூகாசில் நகரத்து வைத்தியர் ஒருவரிடம் தொழில் பயிலச் சென்றார். சில ஆண்டுகளில், அந்நகரை அடுத்த நிலக்கரிச் சுரங்கத்தில் வாந்திபேதி தோன்றவே, இளைஞராகிய இவர் அங்குச் சென்று நோயாளிகளைப் பராமரித்தார். பின்னர் லண்டனை அடைந்து, மயக்க மருந்து கொடுப்பதில் பெரும்புகழ் பெற்றார். 1853இல் விக்டோரியா மகாராணியாருக்குப் பிரசவ காலத்தில் குளோரோபாரம் கொடுத்தவர் இவரே.

அக்காலத்து அறிஞர் பலர், வாந்திபேதி துர்நாற்றமுள்ள காற்றினால் உண்டாவதென்று எண்ணினர். நீரே காரணமென்று ஸ்னோ 1849இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார்; அதனை ஏற்றவர் சிலரே. 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், லண்டன் பிராட் வீதியைச் சுற்றிலும் அந்நோய் மூண்டு, அறுநூற்றுக்கு மேற்பட்டோரை மாய்த்தது. ஸ்னோ வீடுதோறும் விசாரித்து, இறந்தோருட் பெரும்பாலார் அவ்வீதிக் கிணற்றின் பம்பு நீரைப் பருகியவரென்று கண்டார். அவர் வேண்டியபடி செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது. ஆயினும் அதற்கு முன்னரே நோய் தணியத் தொடங்கியிருந்தமையால் பலர் ஐயம் தீரவில்லை.

ஐயுற்றவருள் ஒருவர் அப்பகுதி ஆலயத்தின் உதவிக் குருவாகிய ஹென்றி ஒயிட்ஹெட். அப்பொழுது அவருக்குப் பிராயம் 28. அவர் வைத்தியம் கற்றவரல்லர். ஆனால் அச்சந்துகளில் எவ்வறையில் யார் குடியிருந்தார் என்பதை நன்கறிந்தவர். பம்பு நீரை மிகுதியாய்ப் பருகியும் பிழைத்தவரைத் தாமே கண்டிருந்தமையால், ஸ்னோவின் கொள்கை தவறென்று காட்ட எண்ணினார். அப்பகுதியார் அமைத்த விசாரணைக் குழுவிற் சேர்ந்து, சில வீடுகளுக்கு நான்கைந்து முறை சென்றார். இறந்தோரைப் பற்றி மட்டுமன்றிப் பிழைத்தோரைப் பற்றியும் வினவினார். வினவுந்தோறும் ஸ்னோவின் கூற்றே வலுப்பெற்றது. இறுதியில், முதன்முதல் நோயுற்ற ஒரு கைக்குழந்தையின் துணி அலசிய நீர், கிணற்றுக்கு மூன்றடிக்கும் குறைந்த தொலைவிலிருந்த மலக்குழியிற் கொட்டப்பட்டதை அவரே கண்டறிந்தார். தோண்டிப் பார்த்தபோது குழிநீர் கிணற்றுட் கசிந்தமை விளங்கிற்று. மறுக்க வந்தவர் ஸ்னோவின் நண்பரானார்.

1858ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் தேதி, 45ஆம் பிராயத்தில் ஸ்னோ காலமானார். தம் கொள்கை எங்கும் ஏற்கப்பட்டதை அவர் கண்டாரில்லை.

ஸ்னோவின் மதிநுட்பத்தை நாம் போற்றுகிறோம். எனினும், தெருவை அறிந்த ஓர் இளைஞர் துணைசெய்திராவிடின் அவர் சான்று நிறைவு பெற்றிராது. ஓரூரின் நோய்க்குக் காரணம் தேடும் அறிஞர் அவ்வூர் இளைஞரையும் உடன் சேர்த்துக்கொள்வாராக. இளைஞரும், தம் எண்ணத்திற்கு மாறான உண்மை தோன்றுமிடத்து, ஒயிட்ஹெட்டைப்போல் அதனை மனமுவந்து ஒப்புவாராக.