பாடுகளின் நடுவே பற்றிக்கொண்ட கரம்: ஏமி கார்மைக்கேல் அம்மையார்



துன்பம் நீங்கும்படி ஜெபிக்கிறோம். நீங்கியபின் கர்த்தரைத் துதிக்கிறோம். ஆனால் ஆண்டுகள் பல கடந்தும் அது நீங்காதிருந்தால், அவரை நம்புவது எப்படி? இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக விட்டுச் சென்றவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

1867 டிசம்பர் 16 அன்று அயர்லாந்தின் மில்ஐல் என்னும் கடலோரக் கிராமத்தில், ஏழு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். 1885இல் தந்தை மரித்தார். குடும்பத்தைப் பண நெருக்கடியும் சூழ்ந்தது. நரம்பு வலி அவரை அடிக்கடி படுக்கையில் தள்ளியது. சீன தேசத்திற்கு ஊழியம் செய்யப் புறப்பட ஆயத்தமானபோது, உடல்நலக் குறைவு காரணமாக மருத்துவர் அனுமதி மறுத்தார். 1893இல் ஜப்பானுக்குச் சென்றார். அங்கும் சுகவீனம் அவரை நிலைத்திருக்க விடவில்லை. கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. ஆயினும் அழைத்தவர் உண்மையுள்ளவர் என்ற நம்பிக்கை மட்டும் அசையவில்லை.

பெங்களூரிலும் ஆனேக்கல் வட்டாரத்திலும் வாழும் நம் வாசகர்களுக்கு அவருடைய வாழ்வின் ஒரு பகுதி மிக அண்மையானது. 1895ஆம் ஆண்டின் இறுதியில், தம் 27ஆம் வயதில், அவர் இந்தியாவில் முதலாவது ஊழியம் செய்ய வந்து சேர்ந்த நகரம் பெங்களூர். வந்தவரை வரவேற்றது கடுங்காய்ச்சல். எனினும் திரும்பிச் செல்ல அவர் மனங்கொள்ளவில்லை. வாக்கர் ஐயர் என்னும் மிஷனெரியின் வழிகாட்டுதலில் தமிழ் கற்றுத் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றார். அதன்பின் 55 ஆண்டுகள் ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குச் செல்லவேயில்லை.

1901 மார்ச்சில், கோயில் பணிக்கென்று ஒப்படைக்கப்பட இருந்த ஒரு சிறுமி தப்பியோடி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அன்றுமுதல் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தாயாக விளங்குவதே அவரது ஊழியமாயிற்று. டோனாவூரில் அந்தக் குடும்பம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளாகப் பெருகியது. பெருக்கத்தோடு இழப்பும் வந்தது. 1912இல் வாக்கர் ஐயர் திடீரென்று மரித்தார். 1915இல், அவரது வலதுகரமாய் விளங்கிய பொன்னம்மாள் புற்றுநோயால் காலமானார். தாங்கி நின்ற தூண்கள் சரிந்தபோதும், தாங்குகிறவர் தேவனே என்று அறிந்து ஊழியத்தைத் தொடர்ந்தார்.

ஆயினும் பெருஞ்சோதனை அதற்குப் பின்னரே வந்தது. 1931 அக்டோபர் 24 அன்று அருகிலுள்ள களக்காட்டில் மருத்துவப் பணிக்கென எடுத்திருந்த வீட்டைப் பார்வையிடச் சென்றவர், மாலை மங்கலில் அங்கே வெட்டப்பட்டிருந்த குழியில் தவறி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு வயது 63. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்று எல்லாரும் எண்ணினர். பிள்ளைகள் ஜெபித்தனர், உடன் ஊழியர்கள் ஜெபித்தனர். ஆனால் நோய்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓர் அறையே அவருக்கு உலகமாயிற்று.

பிறருக்குப் பாரமாகிவிடக் கூடாது என்பது அவரது நெடுநாள் விண்ணப்பம். அவர் கேட்ட விதத்தில் அது அருளப்படவில்லை. வலியை வலியல்ல என்று அவர் பாசாங்கு செய்யவும் இல்லை. நோயாளிகளுக்கென்று சுகமுள்ளவர்கள் எழுதும் ஆறுதல் நூல்கள் தமக்கு உதவவில்லை என்று கண்டு, நோயில் இருப்பவரே நோயாளிகளுக்கு எழுதும் கடிதங்களாக ஒரு நூலை எழுதி 1933இல் வெளியிட்டார். அந்தப் படுக்கையிலிருந்து மேலும் பல நூல்கள் பிறந்தன. நடமாடிய நாட்களில் அவரை அறியாத தேசங்களிலும் அவை துயருற்றோரைத் தேற்றின. தேவதாசியாகப் பெண்களை ஒப்படைப்பதைத் தடைசெய்யும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் வந்ததையும் அவ்வறையிலிருந்தே அவர் கண்டார். 1948இல் மீண்டும் விழுந்தார். 1951 ஜனவரி 18 அன்று கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

தம் கல்லறையில் நினைவுக்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்றை வைத்து, அதில் தாயைக் குறிக்கும் ஒரே சொல்லைப் பொறித்தனர்.

பிரியமானவர்களே, பவுல் அப்போஸ்தலனின் முள்ளும் நீக்கப்படவில்லை. அதைச் சுமக்கும் கிருபையே அருளப்பட்டது. நாம் கேட்டது கிடைத்ததினால் மட்டும் நம்பினால், அந்நம்பிக்கை வரத்தின்மேல் வைத்ததாகும். கிடைக்காதபோதும் நிலைத்தால், அது வரமளிப்பவர்மேல் வைத்ததாகும். இன்று நோய்ப்படுக்கையிலோ, வேலையிழப்பிலோ, பிரிவின் துயரிலோ இருக்கும் அன்பரே, உமது அறையின் கதவு அடைபட்டிருக்கலாம். தேவன் அவ்வறைக்கு வெளியே நிற்கிறவர் அல்லர். சுகத்திற்காகத் தொடர்ந்து ஜெபிப்போம். அது தாமதித்தாலும், அவர் கரத்தை விடாதிருக்கும் கிருபைக்காகவும் ஜெபிப்போம்.