கண்ணைச் சுருக்கினால் ஏன் தெளிவாகத் தெரிகிறது? பார்வை மங்கிய கெப்ளரின் கதை

தூரத்தில் பஸ் வருகிறது. நம்பர் மங்கலாக இருக்கிறது. உடனே என்ன செய்வோம்? கண்ணை லேசாக இடுக்கிப் பார்ப்போம். அட, நம்பர் தெரிஞ்சிடும்!

யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோரும் செய்யும் வேலை இது. கிட்டப்பார்வைக்கு டாக்டர்கள் சொல்லும் ‘மயோபியா’ என்ற பெயரிலேயே, கண்ணை மூடுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒளிந்திருக்கிறது. தூரத்தில் இருப்பது தெரியாதவர்கள் கண்ணை இடுக்குவதை அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள்.

சரி, இடுக்கினால் ஏன் தெளிவாகிறது? இதற்குப் பதில் தேடினால், கோள்களின் பாதையைக் கண்டுபிடித்தவர் என்று ஸ்கூலில் நாம் படித்த ஜோஹன்னஸ் கெப்ளரிடம் போய் நிற்போம். இதில் ட்விஸ்ட் என்னன்னா, அவருக்கே கண் சரியாகத் தெரியாது.

பெரியம்மை விட்டுச்சென்ற கண்கள்

கெப்ளர் பிறந்தது 1571 டிசம்பர் 27. ஊர், இன்றைய ஜெர்மனியில் உள்ள வைல் டெர் ஸ்டாட். அப்பா கூலிக்குப் போருக்குப் போகும் சிப்பாய். வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. சின்ன வயதிலேயே கெப்ளரைப் பெரியம்மை தாக்கியது. உயிர் பிழைத்தார். ஆனால் கைகள் பாதிக்கப்பட்டன, பார்வையும் மங்கிப்போனது. தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது. போதாக்குறைக்கு ஒரே பொருள் பலவாகத் தெரியும். நிலாவைப் பார்த்தால் ஒன்றுக்குப் பதில் பல நிலாக்கள்!

ஆனாலும் வானத்தின் மீது ஆசை விடவில்லை. 1577-ல் பெரிய வால்நட்சத்திரம் ஒன்று தோன்றியபோது, அம்மா கத்தரீனா அவரை மேடான இடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். பிறகு டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மதகுரு ஆவதற்காகப் படித்தார். ஆனால் 1594-ல் கிடைத்த வேலை, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் கணக்கு வாத்தியார்.

சந்தையில் பார்த்த கிரகணம்

1600 ஜூலை 10. கிராட்ஸ் சந்தைத் திடலில் கருவி ஒன்றை அமைத்துச் சூரிய கிரகணத்தைக் கவனித்தார் கெப்ளர். சூரியனை நேரடியாகப் பார்க்கவில்லை. சின்னத் துளை வழியாக ஒளியை உள்ளே விட்டு, திரையில் விழும் பிம்பத்தை அளந்தார். அவர் அதில் மூழ்கியிருந்த நேரம் பார்த்து, யாரோ அவருடைய பணப்பையை அடித்துவிட்டார்கள்!

அன்று அவர் மனதில் ஒரு புதிர் இருந்தது. டைக்கோ பிராஹே என்ற புகழ்பெற்ற வானியலாளர் கவனித்த விஷயம் அது. துளை வழியாகக் கிரகணத்தைப் பார்த்தால், நிலாவின் அளவு வழக்கத்தைவிடச் சிறியதாக வருகிறது. நிலா சுருங்குமா என்ன?

கெப்ளர் இதை ஒரு நூலை வைத்து விளக்கினார். உயரத்தில் ஒரு புத்தகம், கீழே தரை, நடுவில் துளை போட்ட பலகை. புத்தகத்தின் ஒரு முனையில் நூலைக் கட்டி, துளையின் விளிம்பை ஒட்டியபடியே சுற்றிக்கொண்டு வந்து, நூல் தரையைத் தொடும் இடங்களில் கோடு போட்டார். தரையில் துளையின் வடிவம் வந்தது. அடுத்த முனையில் கட்டினார்; இன்னொரு துளை வடிவம். இப்படியே எல்லா முனைகளுக்கும் செய்ததும், அத்தனை வடிவங்களும் சேர்ந்து புத்தகத்தின் உருவம் ஆனது.

புரிகிறதா? பொருளின் ஒவ்வொரு புள்ளியும் திரையில் துளை அளவுக்கு ஒரு திட்டாக விழுகிறது. துளை பெரிதென்றால் திட்டும் பெரிது. பக்கத்துப் பக்கத்துத் திட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஓரங்கள் மங்கும். கிரகணத்தின்போது சூரிய ஒளியின் திட்டுகள் நிலாவின் இருட்டுப் பகுதிக்குள் வழிந்ததால்தான் அது சிறியதாகத் தெரிந்தது. நிலா சுருங்கவே இல்லை.

கண்ணுக்குள் விழும் தலைகீழ் படம்

அடுத்த சில வாரங்களில் கெப்ளரின் வாழ்க்கையே புரண்டது. கத்தோலிக்க மதத்துக்கு மாற மறுத்ததால் கிராட்ஸை விட்டு வெளியேற்றப்பட்டார். குடும்பத்தோடு பிராக் போய் டைக்கோவிடம் சேர்ந்தார். 1601-ல் டைக்கோ இறக்க, பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் கணிதவியலாளர் பதவி கெப்ளருக்கு வந்தது.

1604-ல் வெளிவந்த ஒளியியல் புத்தகத்தில் அவர் கண்ணையே ஒரு கருவியாக எடுத்துக்கொண்டார். கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரியும் கண்மணிதான் துளை. ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி, கூம்பு போல விரிந்து கண்மணி முழுக்க நுழைகிறது. கண் அதை வளைத்து, பின்னால் உள்ள விழித்திரையில் மறுபடி ஒரு புள்ளியாகக் குவிக்கிறது. அங்கே விழும் படம் தலைகீழானது. கண்ணின் லென்ஸில்தான் பார்வை உருவாகிறது என்று நூற்றாண்டுகளாக நம்பியிருந்த உலகத்துக்கு இது பெரிய திருப்பம்.

கிட்டப்பார்வையையும் அவர் விளக்கினார். தூரத்துப் பொருளின் ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிட்டு, அங்கே போய்ச் சேரும்போது திட்டாகப் பரவுகிறது. குழிலென்ஸ் கண்ணாடி அந்தக் குவிதலைப் பின்னுக்குத் தள்ளுகிறது. 300 வருடங்களாக மக்கள் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தாலும், அது எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சரியான விளக்கம் அப்போதுதான் கிடைத்தது.

இந்தக் கணக்கை நம் பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டு வாங்க. மங்கல் என்பது ஒளி போதாததால் வருவது இல்லை. ஒளி சிதறி விழுவதால் வருவது. கண்ணை இடுக்கும்போது இமைகள் ஒளிக்கூம்பின் ஓரத்தை வெட்டிவிடுகின்றன. கூம்பு ஒல்லியானால் திட்டு சின்னதாகும். வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் எழுத்து தெளியும்.

அடுத்தவர் கண்ணால் பார்த்தவர்

தன் கண்ணை நம்பி வானத்தை அளக்க முடியாது என்று கெப்ளருக்குத் தெரியும். டைக்கோ பல வருடங்கள் வெறும் கண்ணால் எடுத்துவைத்த அளவுகளை நம்பினார். செவ்வாயின் பாதையை வட்டமாக வைத்துக் கணக்குப் போட்டபோது, 8 ஆர்க் நிமிட வித்தியாசம் வந்தது. முழு நிலாவின் அகலத்தில் சுமார் கால்வாசிதான். இன்னொருவர் என்றால் விட்டிருப்பார். கெப்ளர் விடவில்லை. 1609-ல் செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று அறிவித்தார். 1611-ல், இரண்டு குவிலென்ஸ்களை வைத்துத் தொலைநோக்கி செய்யும் முறையைச் சொன்னார்.

சொந்த வாழ்க்கையில் அடி மேல் அடி. குழந்தைகளையும் மனைவியையும் இழந்தார். அம்மா கத்தரீனா சூனியக்காரி என்று குற்றம்சாட்டப்பட்டு 14 மாதங்கள் சிறையில் இருந்தார். மகனே முன்னின்று வாதாடி, 1621-ல் அவரை மீட்டார். 1630 நவம்பர் 15-ல் ரேகன்ஸ்பர்க் நகரில் கெப்ளர் இறந்தார். அவரைப் புதைத்த இடம்கூடப் போரில் அழிந்துபோனது.

நமக்கு இதில் என்ன?

கண் டாக்டரிடம் போனால், ஊசித்துளை போட்ட ஒரு தட்டு வழியாகப் படிக்கச் சொல்வார்கள். இதே கணக்குதான். துளை வழியாகத் தெளிவாகத் தெரிந்தால், பெரும்பாலும் கண்ணாடி போட்டாலே சரியாகிவிடும் குறை. தெளியவில்லை என்றால் கண்புரை, விழித்திரைக் கோளாறு என வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அதனால் மீட்டிங்கில் ஸ்கிரீனைப் பார்க்கவும், ரோட்டில் போர்டைப் படிக்கவும் அடிக்கடி கண்ணை இடுக்குகிறீர்கள் என்றால், அதை அப்படியே பழகிக்கொள்ள வேண்டாம். ஒருமுறை கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.