வண்ணக் கலைஞர் எமில் நோல்டே

இன்று டென்மார்க் நாட்டிலுள்ள நோல்டே என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில், 7-8-1867 அன்று எமில் ஹான்சன் பிறந்தார். 1902-இல் பிறந்த ஊரின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். ஜெர்மானிய ஓவியர்களுள் புகழ் பெற்றார்.

நாம் நீர்வண்ணம் தீட்டும்போது ஒரு நிறம் உலருமுன் மற்றொன்று அதில் ஓடிவிட்டால் படம் பாழாயிற்றே என்று வருந்துகிறோம். அவரோ அதையே விரும்பினார். ஜப்பானியத் தாளை நன்கு நனைத்து, ஈரத்தின் மீதே வண்ணம் இட்டார். நிறங்கள் தாமே பரவித் தாளில் ஊறின. தாளின் வெண்மை அவற்றின் ஊடே ஒளியாய்த் தெரிந்தது. வடகடலோரத்துச் சதுப்பு நிலத்தையும் அந்தி வானத்தையும் கண் கண்டவாறன்றி, உள்ளம் உணர்ந்தவாறு செம்மஞ்சளிலும் கருநீலத்திலும் தீட்டினார்.

இத்தகைய கலைஞர் யூதரை வெறுத்தார் என்பதும், 1934-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார் என்பதும் நம்மைத் துயருறச் செய்கின்றன. ஆயினும் அந்த ஆட்சியே 1937-இல் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய 1,052 படைப்புகளை அகற்றியது. 1941-இல் ஓவியத் தொழிலுக்கும் தடை விதித்தது. அவர் வீட்டில் சிறு தாள்களில் தொடர்ந்து வரைந்தார். போருக்குப்பின் தாம் பட்ட துன்பத்தைச் சொன்னாரேயன்றித் தம் வெறுப்பை மறைத்தார். 13-4-1956 அன்று மறைந்தார். பின்னாளில் ஆய்வாளர்கள் அவருடைய கடிதங்களைப் படித்து உண்மையை வெளிக்கொணர்ந்தனர்.

நீர்வண்ணத்தில் அடியிலுள்ளது மேலே தெரியும். மனித வாழ்வும் அத்தகையதே. அவர் கலையை வியப்போம். நம் உள்ளத்தைத் தூய வெண்தாளாய்க் காப்போம்.