நந்தனத்து வாத்தியார் ஹாரி குரோ பக்



மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டுப் போன் வந்தபோது, ஃபேர்லேண்ட்ஸில் என் வீட்டுக் கட்டிலில் மல்லாக்கப் படுத்திருந்தேன். இடுப்புக்கு அடியில் சுடுதண்ணிப் பை. மெக்கானிக்கல்காரன், பம்ப், பாய்லர் என்று ஏதாவது எழுதுவான் என எதிர்பார்த்திருப்பார்கள். மன்னிக்கவும். நம் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மனிதரைப் பற்றி எழுதப் போகிறேன். அவர் இறந்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் நம் கல்லூரி மைதானத்தில் ஓடிய ஒவ்வொருவரும் அவருக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள்தான்.

முதலில் என் இடுப்புக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷம் வெளியூர் வேலை, நாற்காலி உத்தியோகம், எண்பத்தெட்டு கிலோ. சேலத்துக்குத் திரும்பி வந்ததும் டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். பயிற்சியாளர் இருபத்துநான்கு வயசுத் தம்பி. கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு. ஆணழகன் போட்டியில் பரிசு வாங்கிய படம் சுவரில் மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. மூன்றாவது வாரம், தரையில் கிடக்கும் பளுவைக் குனிந்து தூக்கும் டெட்லிப்ட். முதுகை வளைத்துத் தூக்கினேன், திருத்த ஆளில்லை. உள்ளே களுக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், டிஸ்க் பிதுங்கிவிட்டது.

என்னைப் பார்க்க வந்தவர்களில் நம் பழைய பிசிகல் டைரக்டர் சாரும் ஒருவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஹார்லிக்ஸ் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்தப் பையன் என்ன படிச்சிருக்கான் தம்பி என்றார். எனக்குத் தெரியவில்லை. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பாய்லரைக் கவனித்துக்கொள்ள அரசுத் தேர்வு எழுதி சர்டிபிகேட் வாங்கிய ஆள்தான் வேண்டும். அது இல்லாதவரை வால்வைத் தொடக்கூட விடமாட்டோம். அப்படிப்பட்ட நான், என் முதுகெலும்பை ஒரு போட்டோவைப் பார்த்து ஒப்படைத்திருக்கிறேன்!

அன்றைக்குத்தான் சார் ஹாரி குரோ பக் பற்றிச் சொன்னார். சார் படித்தது நந்தனத்தில். படுத்த படுக்கையில் நேரம் நிறைய இருந்ததால் நானும் தேடிப் படித்தேன்.

பள்ளிக்கூடமே விளையாட்டைக் கண்டுபிடித்தது

பக் 1884ஆம் ஆண்டு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். லிவர்பூல் என்ற சிற்றூர்ப் பக்கம் அவருடைய குடும்பம். அவர் உடற்கல்வி பயின்ற இடம் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிக் கல்லூரி. 1885இல் தொடங்கிய கல்லூரி அது.

அந்தக் கல்லூரியைப் பற்றி நாலு வரி சொல்லியாக வேண்டும். அங்கே லூதர் குலிக் என்ற மருத்துவர் பாடம் நடத்தினார். உடம்பு, அறிவு, ஆன்மா மூன்றும் ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் என்பது அவர் கொள்கை. ஒய்.எம்.சி.ஏ. சின்னத்தில் இன்றும் இருக்கும் முக்கோணம் அவர் கொடுத்ததுதான். பனிக்காலத்தில் உள்ளேயே ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று அவர் சொன்னதற்காக, அங்கே ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் 13 விதிகளோடு உருவாக்கியதுதான் கூடைப்பந்து. அதே கல்லூரியில் படித்த வில்லியம் மார்கன் 1895இல் வாலிபாலை உருவாக்கினார். உடற்பயிற்சி சொல்லித்தருபவன் முதலில் உடற்கூறு தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்பதும், தசை, எலும்பு, இதயம் எப்படி வேலை செய்கின்றன என்று படித்துவிட்டுத்தான் விசில் ஊத வேண்டும் என்பதும் அங்கே ஊறிய எண்ணம். பக் அந்த எண்ணத்தோடு 1919இல் மதராஸ் வந்து இறங்கினார்.

டிரில் மாஸ்டர் காலம்

அன்றைக்கு நம் பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சி என்றால் டிரில். சொல்லித்தருபவர் டிரில் மாஸ்டர். பல ஊர்களில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களே அந்த வேலையைப் பார்த்தார்கள். வரிசையாக நிற்க வைப்பது, லெப்ட் ரைட் போட வைப்பது, தப்பு செய்தால் பிரம்பு. பத்து வயசுப் பையனுக்கும் பதினேழு வயசுப் பையனுக்கும் அதே பயிற்சி. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பட்டாளத்தில் கற்றதைத்தான் அவர்களால் கற்றுத்தர முடியும். இன்னொரு பக்கம் நம் மண்ணின் பயிற்சிகள் இருந்தன. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, சிலம்பம், மல்யுத்தம், சடுகுடு. அவற்றைக் கற்றுத்தந்த வாத்தியார்கள் கைதேர்ந்தவர்கள். ஆனால் அது குருவிடமிருந்து சீடனுக்குப் போகும் வித்தை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்குப் பாடத்திட்டமாக யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

பக் பார்த்தது இந்த இடைவெளியை. நூறு பேருக்குத் தானே பயிற்சி தருவதைவிட, பயிற்சி தருபவர்களை உருவாக்குவதே வழி என்று முடிவு செய்தார். 1920இல் மதராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அந்தத் துறையில் இந்தியாவின் முன்னோடி நிறுவனம் அது. எஸ்பிளனேடு பக்கம் சிறிய அளவில் ஆரம்பித்து, இடம் மாறி, கடைசியில் சைதாப்பேட்டையை ஒட்டி அடையாற்றங்கரையில் பரந்த நிலத்தில் வேரூன்றியது. பிறகு கல்லூரி என்றே பெயர் பெற்றது. சென்னைப் புத்தகக் காட்சி நடந்த நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு நம்மில் பலர் போயிருப்போம். பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு நாம் நடந்த அந்த மண்தான் பக்கின் வகுப்பறை.

அங்கே மாணவனுக்கு ஓடவும் தாண்டவும் தெரிந்தால் மட்டும் போதாது. உடற்கூறு, உடலியங்கியல், சுகாதாரம், முதலுதவி, கற்பிக்கும் முறை, விளையாட்டு விழாவை நடத்தும் முறை எல்லாம் படிக்க வேண்டும். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய் நிஜப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும்.

அமெரிக்கக்காரர் என்பதற்காக அமெரிக்காவை அப்படியே கொண்டுவந்து நட்டுவிடவில்லை. விலை உயர்ந்த கருவிகள் நம் பள்ளிகளுக்குக் கட்டாது என்பதை உணர்ந்திருந்தார். செலவில்லாத நம் விளையாட்டுகளுக்கும் தண்டால், பஸ்கிக்கும், ஆசனங்களுக்கும் தன் பாடத்தில் இடம் கொடுத்தார். விதிகள் ஊருக்கு ஊர் மாறினால் போட்டி நடத்த முடியாது என்பதால் விளையாட்டு விதிகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். அது பதிப்பு மேல் பதிப்பாக வந்து உடற்கல்வி ஆசிரியர்களின் கைப்புத்தகமாக இருந்தது. வியாயாம் என்ற பத்திரிகையும் அந்தக் கல்லூரியிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் நடந்த பத்திரிகைக்கு நம் நாட்டுச் சொல்லைத்தான் பெயராக வைத்தார்கள். மனைவி மேரியும் அந்தக் கல்லூரிப் பணியில் கடைசிவரை தோள் கொடுத்தார்.

பாரிஸுக்குப் போன கப்பல்

1920இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸுக்கு தோரப்ஜி டாடா முயற்சியில் ஒரு சிறிய இந்தியக் குழு போனது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள், திறமைக்குக் குறைவில்லை. முறையான பயிற்சிதான் இல்லை. அடுத்த முறைக்கு இந்தக் குறை வைக்கக் கூடாது என்று நினைத்தவர்கள் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக்காரர்களின் உதவியை நாடினார்கள். 1924 பிப்ரவரியில் டெல்லியில் அகில இந்தியப் போட்டி நடத்தி வீரர்களைத் தேர்வு செய்தார்கள். அந்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்தியக் குழுவுக்குப் பயிற்சியாளராகச் சென்றவர் நம் பக்.

பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. நீளம் தாண்டுதலில் தலிப் சிங், தடை ஓட்டத்தில் கண்ணூர்க்காரரான சி.கே. லக்ஷ்மணன் போன்றோர் கலந்துகொண்டு திரும்பினார்கள். பின்னாளில் மருத்துவராகி நாட்டின் சுகாதாரத் துறையில் உயர்ந்த பதவி வகித்தவர் இந்த லக்ஷ்மணன். பக் அந்தப் பயணத்தைத் தோல்வி என்று கருதி ஒதுங்கவில்லை. ஒலிம்பிக் சங்கங்கள் மாகாணம்தோறும் உருவாக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். 1927இல் தோரப்ஜி டாடா தலைவராகவும், ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த டாக்டர் நோரன் செயலாளராகவும் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பக் எந்த ஒலிம்பிக் பதக்கமும் வாங்கியவரல்ல. ஒரு நாட்டின் குழுவை ஒலிம்பிக்ஸுக்கு அழைத்துப் போகும் தகுதி அவருக்கு அவர் படிப்பினாலும், சொல்லிக்கொடுத்த அனுபவத்தாலும் வந்தது. விளையாடிய அனுபவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1969இல் பளுப் பயிற்சிக்கென்று நியமிக்கப்பட்ட பாய்ட் எப்லி, கம்பு ஊன்றித் தாண்டும் வீரராக இருந்து அடிபட்டவர். தான் அடிபட்டதிலிருந்தே பாடம் கற்றவர். அவர் 1978இல் தொடங்கிய சங்கம் தரும் உயர்நிலைச் சான்றிதழுக்குப் பட்டப்படிப்பு கட்டாயம். விளையாடியவனுக்கு வலி தெரியும். படித்தவனுக்குக் காரணம் தெரியும். பயிற்சியாளருக்கு இரண்டும் வேண்டும்.

நந்தனத்திலிருந்து சேலம் வரை

1943இல் பக் மதராஸிலேயே காலமானார். 24 வருஷம் இந்த மண்ணில் உழைத்திருக்கிறார். அவருக்குப் பிறகும் கல்லூரி நின்றது. காரைக்குடியிலும் பெரியநாயக்கன்பாளையத்திலும் உடற்கல்விக் கல்லூரிகள் எழுந்தன. 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் வந்தது. 2005 முதல் நம் மாநிலத்தில் உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் நடக்கிறது. பி.பி.எட். இப்போது இரண்டு வருஷப் படிப்பு.

நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்ஸில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கியபோது நாமெல்லாம் பட்டாசு வெடித்தோம். அவரிடம் அந்தத் திறமை இருப்பதை முதலில் கண்டுகொண்டு தாண்டச் சொன்னது அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர். பள்ளிக்குப் படித்த உடற்கல்வி ஆசிரியர் வேண்டும் என்ற எண்ணம் இங்கே வேர்விட்டதில் 1920இன் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் சாரை நாம் என்ன பாடு படுத்தினோம்! ரெண்டு ரவுண்டு என்று பட்டப்பெயர். மேட்சுக்கு முன்னால் ஓடவிட்டு, உடம்பை வளைக்கவிட்டு, முதல் வருஷப் பிள்ளைகளிடம் பழைய அடி, ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்வார். டைம் பாஸ் பண்றார் என்று சிரித்தோம். நாலு வருஷத்தில் என் உடம்பில் ஒரு எலும்பும் நோகவில்லை என்பது, படுக்கையில் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சாரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மற்ற செட்காரர்கள் சந்திப்பு அன்று கேட்டுக்கொள்ளவும். கட்டாயம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஜிம் தம்பியும் என்னைப் பார்க்க வந்தான். கண்கலங்கி நின்றான். ப்ளஸ் டூவோடு நிறுத்தியவன். தனக்கு முன்னால் இருந்த பயிற்சியாளரைப் பார்த்துக் கற்றதைத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறான். நூறு வருஷத்துக்கு முந்தைய டிரில் மாஸ்டர் கதையேதான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்ன படிக்கலாம், எங்கே சேரலாம் என்று சாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி ஜிம்முக்குப் புதுக் கருவிகள் வாங்கச் சங்கம் நிதி திரட்டி வருகிறது. நானும் கொடுத்திருக்கிறேன். சந்திப்பு அன்று பொதுக்குழுவில் இது பேச்சுக்கு வரும்போது, அந்தத் தொகையில் ஒரு பங்கை உடற்கல்வி படித்த ஒரு பயிற்சியாளரின் சம்பளத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்கப் போகிறேன். ரெண்டு மிஷின் குறைந்தால் பரவாயில்லை. நம் தம்பி தங்கைகளின் முதுகுக்கு உதிரிபாகம் கிடைக்காது. என்னோடு கை தூக்க நினைப்பவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள். கனமான நாற்காலியை மட்டும் என்னைத் தூக்கச் சொல்லாதீர்கள்.

அனைவரையும் நேரில் சந்திக்கும் ஆவலுடன்,

உங்கள் நண்பன்
மெக்கானிக்கல், 2006–2010
ஃபேர்லேண்ட்ஸ், சேலம்