எட்மன்ட் பேர்க் (1729 – 1797)

அரசியற் சிந்தனை வரலாற்றில் பழமைபேண்வாதத்தின் தந்தை என அழைக்கப்படுபவர் எட்மன்ட் பேர்க் ஆவார். அமெரிக்கக் குடியேற்றவாசிகளின் உரிமைகளுக்காகவும், அயர்லாந்துக் கத்தோலிக்கரின் நலனுக்காகவும், இந்திய மக்களுக்கு நீதி கிடைப்பதற்காகவும் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் வாதாடியவர் இவரே. பிரான்சியப் புரட்சியைக் கடுமையாக எதிர்த்தவரும் இவரே. சுதந்திரத்தின் நண்பராக விளங்கிய ஒருவர் புரட்சியின் பகைவராக மாறியது ஏன் என்ற வினா அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுந்தது. இதற்கு விடை காண அவரது வாழ்க்கையை அறிதல் அவசியமாகும்.

இளமைக் காலம்

பேர்க் 1729ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். தந்தையார் புரட்டஸ்தாந்து மதத்தைச் சேர்ந்த சட்டத்தரணி. தாயார் கத்தோலிக்கர். அக்காலத்தில் அயர்லாந்துக் கத்தோலிக்கருக்கு வாக்களிக்கவோ அரச பதவி வகிக்கவோ உரிமை இருக்கவில்லை. தாய்வழி உறவினர் அனுபவித்த இத்துன்பங்களை அவர் சிறுவயதிலேயே கண்டார். டப்ளின் திரித்துவக் கல்லூரியில் கற்றபின் 1750இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். எனினும் அதனைக் கைவிட்டு எழுத்துத் துறையில் ஈடுபட்டார். 1757இல் அழகியல் பற்றி அவர் வெளியிட்ட நூல் அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

பாராளுமன்றப் பணி

1765இல் விக் கட்சித் தலைவரான றொக்கிங்காம் பிரபுவின் செயலாளரான பேர்க், அவ்வாண்டிலேயே பொதுமக்கள் சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது விதிக்கப்பட்ட வரிகள் அவ்வேளை பெரும் பிரச்சினையாக இருந்தன. வரி விதிக்கும் அதிகாரம் பிரித்தானியாவுக்கு உண்டா என்று சட்ட நூல்களைப் புரட்டுவதில் பயனில்லை என அவர் கருதினார். நீண்ட காலமாகத் தமது சபைகள் மூலம் தம்மை ஆண்டுவந்த மக்களைப் பலவந்தப்படுத்துவது அறிவுடைமையாகாது என்றும், சமரசமே வழி என்றும் 1774இலும் 1775இலும் ஆற்றிய உரைகளில் வலியுறுத்தினார். அரசாங்கம் செவிசாய்க்கவில்லை. 1776இல் அமெரிக்கர் சுதந்திரப் பிரகடனம் செய்தனர்.

1774இல் பிரிஸ்டல் தொகுதியில் வெற்றி பெற்றபோது, பிரதிநிதி என்பவர் வாக்காளரின் கட்டளையை அப்படியே நிறைவேற்றுபவர் அல்லர். நாட்டின் பொது நன்மைக்காகத் தமது சொந்த அறிவைப் பயன்படுத்த வேண்டியவர் என்ற கருத்தை முன்வைத்தார். இக்கொள்கைக்கு அவர் விலையும் கொடுத்தார். அயர்லாந்தின் வர்த்தகத் தடைகளைத் தளர்த்தவும் கத்தோலிக்கருக்குச் சலுகை வழங்கவும் ஆதரவளித்தமையால் பிரிஸ்டல் மக்களின் ஆதரவை இழந்தார். 1780இல் தோல்வி நிச்சயம் என உணர்ந்து அங்கு போட்டியிலிருந்து விலகி, வேறொரு தொகுதியின் மூலம் பாராளுமன்றம் சென்றார்.

இந்தியாவும் பேர்க்கும்

கிழக்கிந்தியக் கம்பனியின் முறைகேடுகளை வெளிக்கொணர்வதில் பேர்க் பல ஆண்டுகளைச் செலவிட்டார். 1785இல் ஆர்க்காட்டு நவாபின் கடன்கள் பற்றி அவர் ஆற்றிய உரை முக்கியமானது. கம்பனி ஊழியர்கள் நவாபுக்கு உயர்ந்த வட்டிக்குக் கடன் கொடுத்து, குடிமக்களின் வரிப்பணத்திலிருந்து அதனை அறவிட முயன்றதை அவர் கண்டித்தார். கர்நாட்டிக் பிரதேசத்திலும் தஞ்சாவூரிலும் உள்ள ஆயிரக்கணக்கான ஏரிகளையும் குளங்களையும் அவ்வுரையில் எடுத்துக்காட்டினார். பின்வரும் சந்ததியினரைத் தம் பிள்ளைகளாகக் கருதிய மன்னர்கள் விட்டுச் சென்ற முதுசம் அவை என்பது அவர் கருத்தாகும்.

வங்காளத்தின் ஆளுநர் நாயகமாக இருந்த வாறன் ஹேஸ்டிங்ஸ் மீது குற்றப் பிரேரணை கொண்டுவருவதிலும் அவர் முன்னின்றார். 1788இல் ஆரம்பித்த விசாரணை 1795இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலை செய்யப்பட்டதுடன் முடிவுற்றது. பேர்க் தோல்வியடைந்தாலும், ஆட்சியாளர் எந்நாட்டில் ஆண்டாலும் நீதிக்குக் கட்டுப்பட்டவரே என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

பிரான்சியப் புரட்சி

1789இல் பிரான்சியப் புரட்சி வெடித்தபோது விக் கட்சியினர் பலர் மகிழ்ந்தனர். பேர்க் 1790இல் அதனை எதிர்த்து நூல் எழுதினார். சமூகம் என்பது இறந்தோர், வாழ்வோர், இனிப் பிறப்போர் ஆகிய மூவருக்கும் இடையிலான உறவு. ஒரு தலைமுறை தன் விருப்பப்படி அதனை இடித்துப் புதிதாகக் கட்ட முடியாது என வாதிட்டார். பழைய நிறுவனங்கள் யாவும் தகர்க்கப்பட்டால் ஈற்றில் படைத்தளபதி ஒருவரின் கையில் அதிகாரம் சேரும் எனவும் எச்சரித்தார். 1799இல் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபோது இக்கூற்று மெய்யானது.

மேரி வொல்ஸ்ரன்கிராப்ட் 1790இலும் தோமஸ் பெயின் 1791இலும் அவருக்கு மறுப்பு எழுதினர். இறந்தோர் வாழ்வோரை ஆள முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் தன் அரசாங்கத்தைத் தானே தெரிவு செய்யலாம் என்பது பெயினின் வாதம். மன்னரின் துயருக்கு இரங்கிய பேர்க் ஏழைகளின் துயரை மறந்தார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. சாதாரண மக்களுக்கு வாக்குரிமையை விரிவாக்குவதை அவர் ஆதரிக்கவில்லை என்பதும் உண்மையாகும்.

1791 மே மாதம் பொதுமக்கள் சபையிலேயே, நெடுங்கால நண்பரான சார்ள்ஸ் ஜேம்ஸ் பொக்ஸுடன் நட்பு முறிந்ததாக பேர்க் அறிவித்தார். பொக்ஸ் கண்ணீர் விட்டார். 1794இல் பேர்க் பாராளுமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டே தம் ஒரே மகனை இழந்தார். 1797 ஜூலை 9இல் காலமானார். இறுதி நாட்களில் பொக்ஸ் காண விரும்பியபோதும் அவர் இணங்கவில்லை.

பேர்க்கின் சிந்தனையை மதிப்பிடல்

மேற்கூறியவற்றை நோக்கும்போது பேர்க்கின் செயல்களில் ஓர் ஒற்றுமை தெரிகிறது. அமெரிக்கரின் சபைகளை இலண்டன் அரசாங்கமும், இந்தியரின் வழமைகளைக் கம்பனியும், பிரான்சின் நிறுவனங்களைப் புரட்சியாளரும் நசுக்கினர் என்றே அவர் கருதினார். கட்டுப்பாடற்ற அதிகாரம் யார் கையில் இருப்பினும் ஆபத்தானது என்பதே அவரது அச்சம். இவ்வச்சத்தைத் தாராண்மைவாதிகளும் பகிர்ந்து கொள்கின்றனர். ஆனால் அவர்கள் தனிமனித உரிமையையும் பகுத்தறிவையும் அடிப்படையாகக் கொள்ள, பேர்க் அனுபவத்தையும் மரபையும் அடிப்படையாகக் கொண்டார். மரபே அநீதியாக இருந்தால் என்ன செய்வது என்ற தாராண்மைவாதிகளின் வினா இன்றும் பொருத்தமானது.

மாணவர் கவனத்திற்கு: பேர்க் எல்லா மாற்றங்களையும் எதிர்த்தவர் என எழுதுவது தவறாகும். படிப்படியான சீர்திருத்தத்தை அவர் ஏற்றார். மாற்றமடைய முடியாத அரசு தன்னைப் பாதுகாத்துக் கொள்ளவும் முடியாது என்பது அவர் கொள்கை. மேலும் அவர் இறுதிவரை விக் கட்சிக்காரராகவே தம்மைக் கருதினார். பழமைபேண் கட்சி என்ற பெயர் 1830களிலேயே வழக்கிற்கு வந்தது.